மங்கலம் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்

மேட்டுக்கடை,
திருவனந்தபுரம்.
செவ்வாய்க்கிழமை, காலை 9.40

மகாகனம் பொருந்திய மைத்துனர், வடசேரி தாணுலிங்கம் பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் பகவதிப்பெருமாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான், மங்கலம், மகள் ஸ்ரீலட்சுமி மூவரும் க்ஷேமம் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். நீங்கள் அதை நம்ப வேண்டியதில்லை. அவ்விடம் தங்கள் சர்க்கரையும் அக்காவுடைய முழங்காலும் கட்டுக்குள் இருக்க வேண்டுமென்று பத்மநாபனைப் பிரார்த்திக்கிறேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளை சாயங்காலத்துக்குள் நீங்கள் இங்கே வந்துசேர வேண்டும், அத்தான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் காது விஷயம் ஊரறிந்தது. உங்களிடம் போனில் ஒரு ரகசியம் சொல்ல நான் தைக்காடு ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். நான் கத்தினால் முதலில் கேட்கிறவள் மங்கலம். அவளுக்குத் தெரியாமல்தான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, முட்டில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாட்ஸாப் என்றால் உங்கள் பேரன் வாசித்துவிட்டுக் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவான். நம்ம ஆட்டோக்காரன் ஷிபுவுக்கு இன்றைக்கு நாகர்கோவிலுக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துப் போடவும். விஷயம் இதுதான்: வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கோர்ட். அதற்குள் உங்கள் தங்கை ஒரு சத்தியவாங்மூலத்தில், அதாவது அஃபிடவிட்டில், கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்கிறாள். நான் சொன்னால் அவள் கேட்பதாக இல்லை. நீங்கள் மூத்த அண்ணன், நீங்கள் சொன்னால் கேட்பாள்.

கேஸ் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே மனசில் ஒரு ஒழுங்கு வருகிறது. உங்கள் அப்பா மங்கலம் பேருக்கு எழுதிவைத்த இந்த வீட்டுக்கு முன்வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கப் பதினேழு படி. ஸ்ரீலட்சுமி பிறந்த நாள் முதல் கால் ஊன்றி நடந்தவள் இல்லை. சின்னதில் சக்கர நாற்காலி, இப்போது நாலு சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அவள் வெளியுலகத்துக்குப் போக இருக்கிற ஒரே வழி, அடுக்களைப் பக்கமாகப் பக்கத்து வீட்டுத் தங்கப்பன் மனையை ஒட்டிப் போகிற அந்த நாலரை அடிச் சந்து. சவூதியில் தம்மாமில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த தங்கப்பன், வந்த மூணாம் மாசம் "இது எனக்க பூமி" என்று சந்து வாயில் லாரியில் கல் இறக்கிவிட்டார். நாம் ஸ்டே வாங்கியிருக்கிறோம். கல் அப்படியே அடுக்கி இருக்கிறது, ஸ்கூட்டர் போகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு. கேஸ் தோற்றால் மறுநாளே மதில் ஏறிவிடும். பிள்ளை கண் டாக்டர் ஒருத்தரிடம் கண் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள், ஏழு வருஷமாக ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. "தினமும் நாலு பேரு சேந்து தூக்கி எறக்கி விட்டுடலாம் மக்கா" என்று ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன். "முப்பத்தொரு வயசாச்சு அப்பா, என்னை இனி யாரும் தூக்கண்டாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். வீடு மங்கலம் பேரில் இருப்பதால் கேஸ் அவள் பேரில். ஆனால் பொம்பளையாளைக் கோர்ட்டு வாசலில் நிறுத்த வேண்டாமே என்று பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கி நானே எல்லாம் பார்த்தேன். சாட்சியத்துக்கான அஃபிடவிட்டும் நானே கொடுத்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக, யாரிடமும் அனுமதி கேட்காமல், உரிமையோடு, இடைவிடாமல் இந்த வழியை அனுபவித்து வருவதை நான் சொந்த அறிவில் அறிவேன் என்று பதினாலு பாரா. சட்டத்தில் வழிக்கு உரிமை வர இருபது வருஷம் அப்படித்தான் நடந்திருக்க வேண்டுமாம். கம்பீரமாக இருந்தது, வாசிக்க. ரெண்டு வாரம் முன்னால், செவ்வாய்க்கிழமை கூண்டில் ஏறினேன். புதுச் சட்டை. எதிர்வக்கீல் ஒரு மெலிந்த பையன், மூக்குக்கண்ணாடி, முகத்தில் சிரிப்பு. "சார் ஈ இருபது கொல்லம் எவிடெயாயிருந்நு?" என்றான், இந்த இருபது வருஷமும் எங்கே இருந்தேனாம். மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர் என்றேன், பெருமையாகத்தான். "எப்போள் திரிச்சு வந்நு?" ரெண்டாயிரத்துப் பதினஞ்சில். "பாஸ்போர்ட் உண்டோ?" உண்டே! நான் எதையும் தூரப் போடுகிற ஆளா? பழைய பாஸ்போர்ட் மூணையும் நானே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், அத்தான். நானே! என் கையாலேயே! அவன் ஒவ்வொரு முத்திரையாகப் புரட்டிப் புரட்டிக் கணக்கெடுத்து, பதினஞ்சுக்கு முந்தின பன்னிரண்டு வருஷத்தில் நான் இந்த வீட்டில் இருந்தது மொத்தம் இருநூற்று எண்பத்தேழு நாள் என்று சபையறியச் சொன்னான்.

விட்டேனா பார் என்று நானும் சொன்னேன், வீட்டில் நடப்பது ஒன்றுவிடாமல் மங்கலம் வெள்ளிக்கிழமைதோறும் போனில் சொல்லிவிடுவாள் என்று. "அப்போள் சார் கேட்டதாணு, கண்டதல்ல" என்றான். முன்சீப் குனிந்து என்னமோ எழுதினார். பிறகு அவரே நிமிர்ந்து, மழை பெய்தால் அந்தச் சந்தில் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும் என்று ஒரு கேள்வி. நான் இப்போது பத்து வருஷமாக இங்கேதானே இருக்கிறேன், தெரியாமலா? இடது பக்கம் என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த தங்கப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வலது பக்கம்தான் போகிறது, எளவு.

நம்ம வக்கீல் ஸ்வப்னா, நல்ல பிள்ளை, கொல்லத்துக்காரி. வெளியே வந்து தலையில் கை வைத்துவிட்டாள். "அங்கிள், பவர் இருக்குன்னா நீங்க கேஸ் நடத்தலாம், பேப்பர் கொடுக்கலாம், கையெழுத்துப் போடலாம். ஆனா ஆன்ட்டி கண்ணால கண்டதை நீங்க கண்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. சொந்தமா அறிஞ்சவங்கதான் சொல்லணும். அந்த அறிவை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது." முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டேன். முதலிலேயே சொன்னாளாம், ரெண்டு தடவை. நான்தான் "அதெல்லாம் நான் பாத்துக்கிடுகேன்" என்றேனாம். இருக்கலாம். அவள் கோர்ட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கியிருக்கிறாள். வரும் வியாழன் மங்கலம் தன் அஃபிடவிட்டோடு வந்து கூண்டில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் நம்ம பக்கத்துச் சாட்சியம் அதோடு முடிந்ததென்று எழுதிவிடுவார்கள்.

உடனே நான் சும்மா இருந்தேனா? மங்கலம் வேண்டாம், வேறு யார் கிடைப்பார் என்று பார்த்தேன். பதினாறு வருஷமாக நம்ம வீட்டில் வேலை செய்கிற செல்லபாயை ஸ்வப்னா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "எழுதுங்கோ, நான் சத்தியம் பண்ணுகேன்" என்று உட்காருவதற்கு முன்னாலேயே கையைத் தூக்கிவிட்டாள். எந்த வருஷத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள் என்று ஸ்வப்னா கேட்டாள். "எந்த வருஷத்துல இருந்து வேணும் மோளே?" என்றாள் செல்லபாய். ஸ்வப்னா பேனாவை மூடி வைத்துவிட்டாள். பிறகு ஸ்ரீலட்சுமி. அவள் சொல்லலாமாம், அவள் அறிந்ததுதானே. ஆனால் அம்மாவுக்கு அடுத்துத்தானாம். கேஸ் போட்டவளே கூண்டில் ஏறாமல் ஒதுங்கினால், எதையோ மறைக்கிறாள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளுமாம். சரி, உங்களைப் போடலாமா என்றும் கேட்டுவிட்டேன், கோபப்பட வேண்டாம். நீங்கள் எண்பத்தாறிலேயே வேலை கிடைத்து நாகர்கோவில் போய்விட்டீர்கள். ஆகாதாம்.

ஆக மங்கலம்தான். என் பதினாலு பாராவில் நான் என்று இருந்த இடமெல்லாம் அவள் பேருக்குத் தோதாக மாற்றி, சுத்தமாக டைப் அடித்து, பத்து நாளைக்கு முன்னால் அவள் கையில் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே முழுக்க வாசித்தாள். ரெண்டு தடவை வாசித்தாள். அரிசிப் பானை மேல் வைத்தாள். "இதுல உள்ளது என் வாயில வராது" என்றாள். அவ்வளவுதான். பப்படம் பொரிக்கிறாள், துணி மடிக்கிறாள், டி.வி. சீரியல் பார்க்கிறாள், அந்தப் பேப்பர் பானை மேலேயே இருக்கிறது. அரிசி எடுக்கும்போது பேப்பரைத் தூக்கிப் பக்கத்தில் வைக்கிறாள், எடுத்து முடித்ததும் திரும்ப மேலே வைக்கிறாள். எனக்கு ரத்தக் கொதிப்பு நூற்றெழுபதுக்குப் போய்விட்டது.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் உங்கள் அப்பா முத்தாரம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினாரே, அது நிஜத்துக்குப் பண்ணின சத்தியம்தான். ஆனாலும் மறுவருஷம் ஸ்ரீலட்சுமி அப்படிப் பிறந்தாள். அன்றிலிருந்து மங்கலம் பேச்சுக்குக்கூட "சத்தியமா" என்று சொல்வதில்லை. கோர்ட்டில் சத்தியம் பண்ணினால் திரும்பவும் பிள்ளை தலையில் விழும் என்று பயப்படுகிறாள், வேறென்ன. அந்தப் பேப்பருக்கு இந்த ஊரில் பேரே சத்தியவாங்மூலம், அதைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் நான்தான் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். சனிக்கிழமை அவளைப் பழவங்காடிக்கு அழைத்துக்கொண்டு போய் இருபத்தொரு தேங்காய் வாங்கிக் கொடுத்தேன், பிள்ளையாரே பார்த்துக்கொள்வார், நீ பயப்படாதே என்று. உடைத்தாள், இருபத்தொன்றையும் உடைத்தாள், கை வலிக்கிறது என்றாள். வீட்டுக்கு வந்து பேப்பரை நீட்டினால் தைலத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மணி பத்தேகால். கீழே மிக்சி ஓடுகிறது, அதனால் இன்னும் கொஞ்சம் எழுதலாம். நேற்று ராத்திரி நான் கொஞ்சம் வார்த்தையை விட்டுவிட்டேன். ஒளிக்காமல் எழுதுகிறேன். "உனக்கு உம்மொவளைவிட உன் வறட்டுப் பிடிவாதம் பெருசா போச்சா? அவ நாளைக்கு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கெடந்தா அதுக்கு நீதான் காரணம்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தஞ்சு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. ஸ்ரீலட்சுமிதான் உள்ளேயிருந்து, "அப்பா, மதி, போதும்" என்றாள். பிறகு மூணு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டோம். நான் தூங்கினேனா? அந்தக் கல் அடுக்கைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். பயமாக இருக்கிறது அத்தான். கப்பலேறி இருபத்தொரு வருஷம் கண்காணாத ஊரில் கிடந்தது இந்தப் பிள்ளைக்காகத்தானே. கடைசியில் அவளுக்கு ஒரு நாலரை அடி வழியைக் காப்பாற்றிக் கொடுக்க முடியாத அப்பனாகப் போய்விடுவேனோ?

இதுக்கு நடுவுல நேத்து பகல்ல ரெண்டரை மணிநேரம் மங்கலத்தைக் காணோம். எங்க போனன்னு கேட்டா "கறிவேப்பிலைக்கு" என்கா. கறிவேப்பிலைக்கு ரெண்டரை மணிநேரமா? கையில கறிவேப்பிலையும் இல்ல. நான் ஒண்ணும் கேக்கல, கேட்டா இருக்கதும் கெட்டுப்போவும். நீங்க வாங்க. வந்து, மூத்தவர்ங்கிற மொறையில பக்கத்துல உக்காந்து, பக்குவமா எடுத்துச் சொல்லி, அந்தப் பதினாலு பாராவுக்கும் கீழ ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்திட்டுப் போங்க. வந்த விஷயம் நான் எழுதித்தான்னு தெரியண்டாம். பத்மநாபசாமி தரிசனத்துக்கு வந்தேன்னு சொல்லுங்க. வேட்டி எடுத்துட்டு வாங்க, அப்பத்தான் நம்புவா. புதன் சாயங்காலம் தம்பானூர்ல எறங்குற நேரத்தை ஷிபுகிட்ட சொல்லி விடுங்க, நானே வந்து நிக்கேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரனுக்கு ஆசீர்வாதம், போனை நோண்டாமல் படிக்கச் சொல்லவும். குலதெய்வம் உங்களையும் எங்களையும் வியாழக்கிழமை மத்தியானம் வரைக்குமாவது கைவிடாமல் இருக்கட்டும். அதற்குப் பிறகு நானே சமாளித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ப. பகவதிப்பெருமாள்

பின்குறிப்பு:

அண்ணே, இது மங்கலம் எழுதுறது. இவுக கவர்ல உங்க பேரை மட்டும் எழுதி ஒட்டியிருக்காக. ஊரும் இல்ல, தெருவும் இல்ல. ஷிபு பாவம், "சேச்சி, அங்கிள் அட்ரஸ் எழுதான் மறந்நு" என்று நேரா எங்கிட்டயே கொண்டுவந்தான். பிரிச்சு வாசிச்சேன். தப்புன்னா தப்புத்தான்.

நான் சத்தியத்துக்குப் பயப்படல. அப்பா சூடம் அணைச்சதை நெனச்சு எனக்குப் பயம் இருந்தது உண்மை, ஏழெட்டு வருஷம் இருந்தது. அப்புறம் அது போயிட்டு. அந்தப் பயம் விட்ட வருஷமும் இவுக இங்க இல்ல. சாமி பேரைச் சொல்ல இஷ்டமில்லன்னா மனசறிய உறுதி சொல்றேன்னு சொன்னாப் போதும், அதுக்கும் சட்டம் இருக்குன்னு ஸ்வப்னா சொல்லிட்டா.

இவுக எழுதின பேப்பர்ல "யாரிடமும் அனுமதி கேட்காமல்" என்று இருக்கு. நான் கேட்டேன் அண்ணே. ஸ்ரீலட்சுமிக்கு ஒம்பது வயசு, பள்ளிக்கூடம் தொறந்த நாள், நல்ல மழை. ஆடு வராம இருக்க தங்கப்பன் அண்ணனோட அம்மை சந்து முழுக்க முள்ளு வெட்டிப் போட்டிருந்தா. நான் நாற்காலியோட நனைஞ்சுக்கிட்டு நின்னு ஜெயஷீலாவை, தங்கப்பன் அண்ணன் பெண்டாட்டியை, கூப்பிட்டுக் கேட்டேன். அனுமதி கேட்டுட்டுப் போனா உரிமை இல்லையாமே. கேக்கலன்னு எழுதினா அது பொய். கேட்டேன்னு எழுதினா பிள்ளைக்கு வழி இல்ல. பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல. இவுக போடு போடுன்னு சொன்னாகளே தவிர, ஏன் போட மாட்டேங்கன்னு ஒரு தடவை கேக்கல.

நேத்து நான் போனது ஜெயஷீலா வீட்டுக்கு. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசல்ல ஏறுறேன். "அன்னைக்கு மழையில உங்கிட்ட வழி கேட்டேனே, ஓர்மை உண்டா"ன்னு கேட்டேன். அவ என்னைப் பாத்து, "வழியோ? நீ முள்ளு மாற்றான் ஒரு கை தராமோ என்னல்லே சோதிச்சது? வழி நிங்களுடே அச்சன்றெ காலம் முதல் உள்ளதல்லே" என்றா. நான் கேட்டது வழி இல்லையாம், முள்ளை மாத்த ஒரு கை தருவியான்னுதானாம்; வழி நம்ம அப்பா காலத்துல இருந்தே உள்ளதாம். ரெண்டு பேரும் சேந்துதான் முள்ளை இழுத்துப் போட்டோம், அவ கையில கீறி ரத்தம் வந்துச்சு. அது எனக்கு மறந்தே போச்சு, கேட்டதுதான் நெஞ்சுல நின்னுச்சு. தங்கப்பன் அண்ணனும் அந்த வழியில யாரும் போனதில்லன்னு அஃபிடவிட் குடுத்திருக்காரே, அவரு அப்ப தம்மாம்லல்லா இருந்தாரு. "அவர் கண்டிட்டில்ல, நான் கண்டு, நான் பறயாம்" என்று, தானே வந்து சொல்றேன்னு, உடனே சேலையை மாத்திட்டு எங்கூட ஸ்வப்னா ஆபீசுக்கு வந்துட்டா. வீட்டுல என்ன பேச்சு வாங்கப் போறாளோ, எனக்கு அதுவும் ஒரு பயம். இந்த ரெண்டு ஆம்பளைகளும் ஊருக்குத் திரும்பி வர்ற வரைக்கும் அந்தச் சந்துக்கு ஒரு வழக்கும் இல்ல அண்ணே.

நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு. ஏழு பாரா. நான் சொன்னேன், ஸ்வப்னா எழுதினா. வியாழக்கிழமை நானும் ஜெயஷீலாவும் ஷிபு ஆட்டோவுல போறோம். நீங்க வரண்டாம். இவுகளுக்கு இன்னும் தெரியாது. வந்து நின்னா நடுவுல பேசுவாக, அதனால சொல்லல. முன்சீப் என்ன சொல்லுவாரோ தெரியாது. ஆனா நான் சொல்லப்போறது எல்லாம் நான் கண்டது.

முதல் பாராவுல, கேஸுக்கு வேண்டிய இருபது வருஷத்துல மொத பன்னெண்டு வருஷமும் என் வீட்டுக்காரர் இங்க இல்ல, பிள்ளையைத் தள்ளிக்கிட்டுப் போனது நான் ஒருத்திதான்னு எழுதச் சொன்னேன். அந்த ஒண்ணைத்தான் ரெண்டு தடவை மாத்தி எழுதச் சொன்னேன். மத்த ஆறு பாராவும் வெரசா முடிஞ்சிட்டு.